ஆளைக் கொல்லும் சுறாக்கள்

1891ஆம் ஆண்டில் ஹேர்மன் ஓல்றிக்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் ஒருவர் பந்தயமொன்று கூறினார். அமெரிக்கக் கிழக்குக் கரையின் குளிர்ந்த கடற்பகுதியில், உயிரோடிருந்த மனிதனைச் சுறா தாக்கியதென நிரூபிப்பவருக்கு 500 டொலர் பரிசு! அதனைப் பெற ஒருவரும் வரவில்லை. கற்றறிந்தோரும் அதனையே ஒரு சான்றாகக் கொண்டனர்.

இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1916ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள், நியூ ஜேர்சி மாநிலத்துப் பீச் ஹேவன் கரையிலே நீந்திய இளைஞன் ஒருவன் கடியுண்டு மாண்டான். ஐந்து நாட்களின் பின் வடக்கே ஸ்பிறிங் லேக்கில் இன்னொருவன் இறந்தான். ஆயினும் 12ஆம் நாள் நிகழ்ந்ததே எவரும் எதிர்பாராதது. மட்டவான் என்னும் ஊர் திறந்த கடலோரத்தில் இல்லை; கடல்நீர் ஏறி வற்றும் சிற்றோடை ஒன்றின் அருகில் உள்ளது. அவ்வோடையிற் சுறா ஏறுவதைப் பாலத்தின் மேலிருந்து கண்ட முதிய மாலுமி ஒருவர் ஊருக்குள் ஓடி எச்சரித்தார். ஓடையிற் சுறாவா என்று நகைத்தார்களேயன்றி ஒருவரும் நம்பவில்லை. சிறிது நேரத்தில் குளித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனைச் சுறா பற்றிக்கொண்டது. அவனைத் தேடி நீரில் இறங்கிய இளைஞனும் மாண்டான். மற்றுமொரு சிறுவன் காலிற் காயத்தோடு தப்பினான். பன்னிரண்டு நாட்களில் நான்கு உயிர்கள்.

உலகக் கடல்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. சுறாவை வறையாக மட்டுமே அறிந்த நேயர்களுக்கு இத்தொகை வியப்பளிக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை மனிதனுக்குத் தீங்கு செய்வதில்லை. யாவற்றினும் பெரிதான திமிங்கிலச் சுறாவோ நுண்ணுயிர்களையும் சிறுமீன்களையும் வடித்துண்டு வாழ்வது. மனித உயிரைப் போக்கியவையெனப் பெரிதும் பதிவானவை மூன்றே: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா.

வெள்ளைச் சுறா கடல்நாய்களை வேட்டையாடுவது. பல வேளைகளில் மனிதனை ஒருமுறை கடித்துவிட்டு அகன்றுவிடும். ஆயினும் அந்த ஒரு கடியினாலேயே குருதி பெருகி உயிர் பிரிந்துவிடக்கூடும். புலிச் சுறா வெப்பக் கடல்களில் ஆமை, பறவை, பிணம் என எதனையும் விழுங்குவது. அதன் வயிற்றில் மோட்டார் வண்டியின் இலக்கத் தகடுங்கூட அகப்பட்டதுண்டு.

காளைச் சுறாவின் கதை வேறு. நன்னீரிற் புகுந்த கடல்மீன் பொதுவாக உடலின் உப்பை இழந்து, நீர் ஊறி மடியும். காளைச் சுறாவோ உடலிலுள்ள யூரியாவின் அளவைக் குறைத்து, மிகுந்த நீரைச் சிறுநீராகக் கழித்து வாழவல்லது. அமேசன் நதியிற் கடலிலிருந்து 3,000 கிலோமீற்றருக்கு அப்பாலும் அது காணப்பட்டிருக்கிறது. நிக்கராகுவா ஏரிச் சுறா ஏரிக்கே உரிய தனியினம் என ஒரு காலத்திற் கருதப்பட்டது. பின்னர் அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் தோர்சன் அடையாளத் துண்டுகளைப் பொருத்தி, அது சான் ஹுவான் ஆற்றின் வழியே கடலுக்கும் ஏரிக்கும் போய்வரும் காளைச் சுறாவே எனக் காட்டினார். அவுஸ்திரேலியாவிலே பிரிஸ்பேன் நகருக்கு அண்மையில், வெள்ளத்தோடு வந்த சில காளைச் சுறாக்கள் கொல்ப் மைதானக் குளமொன்றிற் பல்லாண்டு வாழ்ந்தன! மனிதர் குளிக்கும் கலங்கிய ஆழமற்ற நீரே அதற்கும் உகந்த இடம். எனவே ஆராய்ச்சியாளர் சிலர் இதனையே மூன்றிலும் கொடியதென்பர். கடியுண்டவர் சுறாவைத் தெளிவாகக் காண்பது அரிதாகையால், இதன் கணக்கிற் பல விடுபட்டிருக்கவுங்கூடும்.

நடுக்கடலின் நிலை இன்னுந் தெளிவற்றது. 1945ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் யப்பானிய நீர்மூழ்கியால் அமிழ்த்தப்பட்ட இந்தியானாபொலிஸ் கப்பலிலிருந்து ஏறத்தாழ 900 பேர் பசிபிக் கடலிற் குதித்தனர். உயிரோடு மீண்டவர் 316 பேர். தாகத்தாலும் காயத்தாலும் மாண்டோர் எத்தனை பேர், சுறாவினால் மாண்டோர் எத்தனை பேர் என எவராலும் பிரித்துரைக்க இயலாது.

சாதாரண காலத்திலோ தொகை மிகச் சிறிது. மனிதர் சீண்டாமலே சுறா கடித்ததாக 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் பதிவானவை 47. அவற்றுள் உயிர் போனவை 4. மனிதர் ஆண்டுதோறும் கொல்லும் சுறாக்களோ சுமார் 10 கோடி என மதிப்பிடப்பட்டுள்ளது.

மட்டவானிற் புகுந்தது எச்சுறா? இரு நாட்களின் பின் அருகிலுள்ள குடாவிற் பிடிபட்ட வெள்ளைச் சுறாவின் வயிற்றில் மனித எலும்பும் தசையும் இருந்தன. அதன் பின் தாக்குதல்களும் நின்றன. ஆயினும் ஓடையேறுவது காளைச் சுறாவின் இயல்பாதலின், ஓடையிற் கடித்தது அதுவே என்பாரும் உளர். பிடிபட்ட சுறாவின் உடலோ இன்று சோதிப்பதற்கு இல்லை.