ஐயமும் அளவையும்

ஆக்லாந்தின் பென்ரோசில் கூடியிருக்கும் இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

இதே பென்ரோசில்தான் மவுண்ட் ஸ்மார்ட் அரங்கம் இருக்கிறது. 2023 ஜனவரி 27 மாலை எல்டன் ஜான் நிகழ்ச்சிக்காக மக்கள் கொட்டும் மழையில் அங்கே திரண்டார்கள். தொடங்கும் வேளையில் நிகழ்ச்சி ரத்தானது. அந்த மழை கொண்டுவந்த வெள்ளத்தில் ஆக்லாந்து நான்கு உயிர்களை இழந்தது. மழைக்கும் வெயிலுக்கும் மனிதனையே காரணம் காட்டுகின்றனவே காலநிலை அறிக்கைகள் என்று ஐயுறுவோர் நம்மிடையே உண்டு. ஐயுறுவது குற்றமன்று. ஐயத்தைப் பாதிவழியில் விட்டுவிடுவதுதான் குற்றம்.

வெப்பம் உண்மையிலேயே ஏறியதா என்பது முதல் ஐயம். 1928 வாக்கில் வெல்லிங்டனின் வெப்பமானி கடலோரத் தார்ன்டனிலிருந்து ஏறத்தாழ 125 மீட்டர் உயரத்திலுள்ள கெல்பர்ன் குன்றுக்கு மாறியது. மேட்டில் குளிர் கூடுதல். இரு பதிவுகளையும் அப்படியே ஒட்டினால் ஊரே குளிர்ந்துபோனதாகத் தோன்றும். அதனால் ஆய்வாளர்கள் இடமாற்றத்துக்கு ஈடுசெய்தார்கள். அந்தத் திருத்தத்தில்தான் வெப்பமே பிறந்தது என்று வாதிட்டு, ஓர் அறக்கட்டளை, நியூசிலாந்தின் காலநிலைப் பதிவுகளைப் பேணிய நீவா ஆய்வு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. நீவா நாட்டின் ஏழு வானிலை நிலையங்களின் கணக்கையும் மறுபடி போட்டு, 2010இல் வெளியிட்டது. ஆஸ்திரேலிய வானிலைத் துறை அதைச் சரிபார்த்தது. நூறாண்டில் சுமார் 0.9 டிகிரி ஏற்றம் என்ற விடை மாறவில்லை. 2012 செப்டம்பரில் ஆக்லாந்து உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வென்னிங் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

ஏற்றியது யார் என்பது அடுத்த ஐயம். மணிமேகலை உண்மைக் காரணமான ஏதுவையும், காரணம் போலத் தோன்றும் ஏதுப்போலியையும் பிரித்துக் காட்டும் நூல். அந்தக் கண்ணோடு பாருங்கள். சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்தே சூடேற வேண்டும். அளந்தபோது கீழடுக்கு சூடேறுகிறது, மேலே அடுக்குமண்டலம் குளிர்கிறது. கரியமில வாயு பெருகினால் நடப்பது இதுதான். ஐ.நா.வின் காலநிலைக் குழு இந்த முடிவுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1995இல் மனிதத் தாக்கம் தெரிவதாகச் சான்றுகள் காட்டுகின்றன என்றது. 2007இல் பெரும்பாலான ஏற்றத்துக்கு மனிதச் செயல் காரணமாக இருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்றது. 2021இல்தான் ஐயத்துக்கு இடமில்லை என்றது.

எல்லாப் பழியும் மனிதன் தலையில்தானா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினையுங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீட்டர் மழை. காரணம் தேடிய பன்னாட்டு ஆய்வுக் குழு, அம்மழையில் மனிதத் தாக்கத்தின் தடயம் தெரியவில்லை என்று 2016இல் எழுதியது. நம் ஊர் மழைக்கே 'இல்லை' என்று சொல்லத் தயங்காத துறை இது. ஆகவே அது 'ஆம்' என்னும்போது அந்தச் சொல்லுக்கு எடை உண்டு.

கட்டுரை படிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஐயத்தையும் இந்த மேடைக்குக் கொண்டுவாருங்கள். எந்த அளவு கிடைத்தால் அந்த ஐயத்தைக் கைவிடுவீர்கள் என்பதையும் கூடவே சொல்லுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.