மலக்குழியும் நியாயஸ்தலமும்

(நம் சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மகாசபைகளிற் கல்வி, வர்த்தகம், விவாகச் செலவு ஆகியவற்றைப் பற்றிப் பேசுதலே வழக்கம். மலக்குழியைப் பற்றி இம்மேடையில் எவரும் பேசியதாக எமக்கு நினைவில்லை. இன்று யாம் அதனைப் பேசத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஏழைகளின் பொருட்டுப் பிறர் நியாயஸ்தலம் ஏறுதல் நம் தேசத்தில் நெடுநாளைய வழக்கமன்று. தீங்குற்றவனே வழக்குத் தொடரல் வேண்டும் என்பது பழைய விதி. ஒருநாட் கூலி தப்பினால் அடுப்பெரியாத ஒருவன் டில்லிக்கு எங்ஙனம் செல்வான்? 1979-ஆம் ஆண்டில், பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றியே பல்லாண்டு கிடந்த ஏழைகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியைக் கண்டு, கபிலா ஹிங்கோரானி என்னும் வழக்கறிஞ அம்மையார் சுப்ரீம் கோர்ட்டில் விண்ணப்பம் செய்தார். பொதுநல வழக்கு என்னும் சொல் நாட்டில் நிலைபெறுதற்கு அவ்வழக்கு ஒரு பெருங்காரணமாயிற்று.

இனி, எடுத்த விஷயத்திற்கு வருவோம். மனிதர் மலத்தை மனிதரே கையால் அள்ளும் தொழிலை விலக்கப் பார்லிமெண்டு 1993-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. சுகாதாரம் மாநிலங்களுக்குரிய விஷயமாகலின், அச்சட்டத்தை வேண்டிய ஆறு மாநிலங்களையே அது முதலிற் கட்டுப்படுத்திற்று. அங்கும் 1997 ஜனவரி 26-ஆம் நாளே அமலுக்கு வந்தது. நம் தமிழ்நாடு அவ்வாறனுள் ஒன்றன்று.

சட்டம் ஏட்டில் இருந்தது. கூடை தலையில் இருந்தது. ஆகவே 2003-இல் சபாயி கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தார், அரசியல் சாசனத்தின் 32-ஆம் விதியைக் கொண்டு நேரே சுப்ரீம் கோர்ட்டை அடைந்தனர். கோலார் தங்கவயலில் இத்தொழில் செய்த குடும்பத்திற் பிறந்த ஸ்ரீ பெஜவாடா வில்சன் அவருள் முன்னின்றவர். மாநில சர்க்கார்கள் யாது கூறின? தம் எல்லையில் உலர் கழிப்பிடமே இல்லையென்றும், மலம் அள்ளுவோர் ஒருவருமிலர் என்றும் பல சர்க்கார்கள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன.

அன்பர்களே, இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். இல்லையென்று சத்தியம் செய்தாரை விண்ணப்பதாரர் வென்றது வாக்கு வன்மையாலன்று. ஊர் ஊராக நடந்து, இன்ன தெருவில் இன்ன கழிப்பிடம் உளது, இன்னார் அதனை அள்ளுகின்றார் என்று எழுதினர், புகைப்படம் பிடித்தனர், அவற்றைக் கோர்ட்டின் முன் வைத்தனர். இங்ஙனம் பத்தாண்டு கடந்தது. இடையே 2013-இல் நாடு முழுமைக்குமான புதிய சட்டம் பிறந்தது. 2014 மார்ச் 27-இல் தீர்ப்பு வந்தது. அதனை வழங்கிய அமர்வின் தலைவர், ஈரோட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவரும் அப்போது பிரதம நீதிபதியாயிருந்தவருமான ஸ்ரீ ப. சதாசிவம் அவர்கள். 1993 முதல் பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் மாண்டோர் குடும்பங்களைக் கண்டறிந்து, குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் அளிக்க வேண்டுமென்று அது விதித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை அதே கோர்ட்டார் முப்பது லட்சமாக உயர்த்தினர்.

தீர்ப்பு வந்தபின் வேலை முடிந்ததெனக் கருதுதல் பிழை. குழியில் மாண்டவனைத் தவறி விழுந்தவனென்று போலீசார் எழுதுவாராயின், வேலைக்கு அழைத்தவர் அவனை அறியேமென்பாராயின், அம்முப்பது லட்சத்தை அவன் மனைவி எதனைக் காட்டிக் கேட்பாள்?

இப்பொழுது அக்காரணத்தைக் கூறுவோம். சென்ற ஆண்டு ஆவணி மாதம், நம் சங்கக் கலியாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வெள்ளியன்று மலக்குழி நிரம்பி வழிந்தது. இயந்திர லாரி திங்களன்றே வருமென்றனர். மண்டபப் பொறுப்பிலிருந்த யாமே இருவரை அழைத்துக் கூலி பேசினோம். ஒருவர் இடுப்பிற் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்; இரண்டாம் படியிலேயே தலை சாய்ந்தது. மற்றவர், தாமும் குதியாமல், கயிற்றைப் பற்றி இழுத்தமையால் அவர் பிழைத்தார். குதித்திருப்பின் இருவரும் போயிருப்பர். குழியிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு சிறிதாயின் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தால் நாசியையே மரக்கச் செய்யும். இறங்கினவன் நாற்றம் போயிற்றென்று எண்ணுவான். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் உதவாது. உடனிருக்கும் மீதேன் தீப்பற்றும்.

கருவியும் காப்பும் இன்றி ஒருவரைக் குழியில் இறக்குதல் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி குற்றம். முதன்முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஜாமீன் உரிமையாகக் கிடைப்பதன்று. இது நகரசபைக்கும் காண்டிராக்டருக்கும் மட்டுமே உரிய விதியெனச் சிலர் எண்ணுகின்றனர். வீட்டுக்காரரையும் மண்டபக்காரரையும் அது விலக்கவில்லை. நம் அங்கத்தினருள் வீடும் விடுதியும் இல்லாதார் எத்துணைப் பேர்? குழியில் இறங்குவாருள் நம் மரபினர் ஒருவரேனும் உளரோ? இவ்விரண்டு வினாக்களையும் யாம் அன்று கேட்டுக்கொண்டோமில்லை.

அன்றைய கணக்குப் புத்தகத்தைப் பின்னர்ப் புரட்டினோம். பந்தற்காரர் பெயர் உளது. பூக்காரர் பெயர் உளது. மற்றோரிடத்தில் ‘குழி சுத்தம், ஆள் இருவர்’ என்று மட்டுமே உளது. எழுதியது எம் கை. அவர் இறந்திருப்பின், நம் புத்தகத்தைக் கொண்டு அவர் குடும்பத்தார் ஒன்றையும் நிரூபித்திரார்.

ஆகவே ஒரு தீர்மானத்தை இம்மகாசபையின் முன் வைக்கின்றோம். நம் மண்டபத்திலும் மாணவர் விடுதியிலும் இயந்திரத்தாலன்றிக் குழி திறத்தல் கூடாது. லாரி வர மூன்று நாளாயின் மூன்று நாள் மண்டபம் மூடியிருக்கட்டும். முகூர்த்தம் தவறுமேயென்று முன்வரிசையில் முணுமுணுப்பது கேட்கின்றது, தவறட்டும். அன்றியும், நம் சங்கத்து வக்கீல்கள் மாதம் ஒருநாள் ஒதுக்கி, நம் ஜில்லாவில் இங்ஙனம் ஆளிழந்த குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதித்தரல் வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு, வருமானம் எதுவாயினும், இலவச வக்கீல் உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரியது. ஜில்லா கோர்ட்டிலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரை அழைத்துச் செல்லத் துணை வேண்டும். போலீஸ் அறிக்கையின் நகலை வாங்கித் தர ஆள் வேண்டும்.

சென்ற ஆவணியில் வந்த அவ்விருவரையும் தேடி வருகின்றோம். கயிற்றை இழுத்தவரின் இருப்பிடம் தெரிந்தது. மற்றவர் வேறூருக்குப் போய்விட்டாராம். இன்னும் அதே வேலைதான் செய்கின்றார் என்று இவர் சொன்னார்.