‘தோற்றதால்’ என்னும் சொல்



‘ஐந்து முறை தோற்றதால் ஆறாம் முறை வெல்வேன்.’ இவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் இதை நம்பிய என் இளமைக்கால நண்பர் ஒருவர், வீடு வாங்கச் சேர்த்த முன்பணத்தைப் போக்கர் மேசையில் இழந்தார். காரணப் பொருளில் வரும் ‘ஆல்’ உருபு, காரணமே இல்லாத இடத்திலும் இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். டெக்சஸ் ஹோல்டம் போக்கரில் உங்கள் கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். ஐந்து பொதுச்சீட்டுகளும் விரியும்வரை ஆடினால், நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறை வெற்றி உங்களுடையது. மற்ற 18 முறை, சரியாக ஆடியும் தோற்பீர்கள். அத்தோல்வி மூன்று முறை அடுத்தடுத்து வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ 6. நான்காம் முறை கட்டு மீண்டும் கலைக்கப்படுகிறது. வாய்ப்பு அதே 82. அந்த 52 சீட்டுகளுக்கும் நினைவு கிடையாது.

உள்ளுணர்வோ ‘இனி வந்தே தீரும்’ என்று பந்தயத்தை உயர்த்தச் சொல்லும். இல்லையேல் ‘இன்று நேரம் சரியில்லை’ என்று நல்ல சீட்டையும் கவிழ்க்கச் சொல்லும். இரண்டுக்கும் அடியில் இருப்பது அதே ‘தோற்றதால்’. இத்தடுமாற்றத்தை ஆட்டக்காரர் ‘டில்ட்’ என்பர். பின்பால் இயந்திரத்தைச் சாய்த்தால் அது ஆட்டத்தை நிறுத்திவிடும். அங்கிருந்து வந்த சொல். (மனிதருக்கு அந்த ஏற்பாடு இல்லை.)

தேர்வில் மூன்று முறை தவறிய மாணவரிடம் இக்கணக்கைச் சொல்லாதீர்கள். தேர்வு சீட்டுக்கட்டு அன்று. முந்தைய தோல்வி அடுத்த முயற்சியை உண்மையாகவே மாற்றக்கூடும். அங்கே ‘ஆல்’ உரிய இடத்தில் நிற்கிறது. சீட்டாட்டத்திற்கு உரியது ‘தோற்றபோதிலும்’ என்பதே. ‘ஐந்து முறை தோற்றபோதிலும், இந்தக் கையில் என் வாய்ப்பு எவ்வளவு?’ நண்பர் அன்றிரவு இக்கேள்வியைக் கேட்கவில்லை.