காலங் கடந்து கற்ற நீச்சல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

இம்மேடையில் எமக்கு முன் பேசியோர் அனைவரும் இலக்கியம் கற்றவர்கள். யாமோ பள்ளி இறுதித் தேர்வோடு ஏட்டுக் கல்வியை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலம் தள்ளி வருகின்றோம். ஆதலின், "நீங்களும் சில சொற்கள் பேச வேண்டும்" எனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, நூலறிவின் பக்கம் போகாமல், நாற்பத்து நான்காம் அகவையில் யாம் கற்ற ஒரு பாடத்தைப் பற்றியே பேசுவதெனத் துணிந்தோம். அப்பாடம் நீச்சல். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், முதல் நாள் எம்மைப் பார்த்து எம் வீட்டாரும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

எமது சிற்றூர் வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்தது. நம் காலனியில் வாழ்வோருள் பலருடைய முன்னோரும் அப்பக்கத்தினின்று வந்தவர்களே. அங்கே வற்றாத ஆறு இல்லை, கிணறுகளே உண்டு. காய்ந்த சுரைக்குடுக்கையையோ கலியாண முருங்கைக் கட்டையையோ முதுகில் கட்டி, பெரியவர்கள் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்கிப் பழக்குவார்கள். அது நல்ல முறை. எமக்கு வாய்த்ததோ வேறு முறை. எமது எட்டாம் வயதில், உறவினர் ஒருவர், "தூக்கிப் போட்டால் தானே நீந்துவான்" என்று சொல்லி, கட்டையுமின்றிக் குடுக்கையுமின்றி எம்மைக் கிணற்றினுள் தள்ளிவிட்டார். யாம் தானே நீந்தவில்லை, தானே மூழ்கினோம். இருமுறை உள்ளே போய் வந்த பின்னரே ஒருவர் குதித்துக் கரை சேர்த்தார். உயிர் மீண்டது. ஆயினும், அன்று செவியில் புகுந்த அந்த நீரின் இரைச்சல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எம்மை விட்டு அகலவில்லை.

அல்சூருக்கு வந்த பின்னரும் அதே நிலைதான். ஏரியில் படகேற வேண்டுமென்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். அவர்களைத் தாயாரோடு அனுப்பிவிட்டு யாம் கரையில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்போம். கேட்பவர்க்குத் தலைச்சுற்றல் என்று விடை சொல்வோம். அச்சம் என்ற சொல்லை ஆண்மகன் வாயால் சொல்லலாகாது என்பது அன்றைய எம் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிப்பெருக்கன்று குடும்பத்தோடு சீரங்கப்பட்டணத்தை அடுத்த காவிரிக் கரைக்குச் சென்றிருந்தோம். ஒன்பது வயது நிரம்பிய எம் மகள் பாசி படிந்த படியில் கால் வழுக்கி ஆற்றில் வீழ்ந்தாள். யாம் ஐந்தடி தொலைவில்தான் நின்றோம். தோளில் துண்டு இருந்தது. அதை வீசியிருக்கலாம், கூவி ஆள் சேர்த்திருக்கலாம். ஒன்றுஞ் செய்யவில்லை. கால்கள் மரம்போல் நின்றுவிட்டன, நாவும் எழவில்லை. பரிசில் ஓட்டும் ஒருவர் தம் துடுப்பை நீட்ட, குழந்தை அதைப் பற்றிக்கொண்டு கரையேறினாள்.

அன்றிரவு உறங்கப் போகுமுன் அவள் கேட்டாள்: "நான் 'அப்பா' என்று கூப்பிட்டேனே, நீங்கள் ஏன் வரவில்லை?"

அன்பர்களே! இக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. நீந்தத் தெரியாதவன் நீரில் குதிக்காமை குற்றமன்று. குதித்திருந்தால் காவிரி ஓருயிருக்கு இரண்டாய்க் கொண்டிருக்கும். ஆனால் தோளில் கிடந்த துண்டை வீசவும் தோன்றாமற் போனதே, அதற்கு என்ன விடை சொல்வது? 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கிருந்த பெண்மணிகள் மூவர் தாம் உடுத்தியிருந்த சேலைகளையே களைந்து நீரில் வீசி, இருவரைக் கரைக்கு இழுத்தார்கள். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. தமிழக அரசு அம்மூவர்க்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கிற்று. அச்செய்தியைப் படித்த நாளில் நாளிதழை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். அவர்களிடம் இருந்து எம்மிடம் இல்லாதிருந்தது எது என்று எண்ணிப் பார்த்தோம். நீரைக் கண்டு அறிவு உறைந்து போகாத நெஞ்சம் ஒன்றே அது. அந்நெஞ்சத்தைப் பெறுதற்கே நீச்சல் கற்கப் புறப்பட்டோம்.

நம் ஏரியில் நீந்துதல் இயலாது. 2016-ஆம் ஆண்டு மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே கென்சிங்டன் சாலையிலுள்ள நீச்சற்குளத்திற்குச் சென்றோம். உடன் கற்க வந்தவர்கள் அனைவரும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள். அவர்களிடையே தொந்தியோடு நின்ற எம்மைக் கண்டு, "அங்கிள், உங்கள் பையன் எங்கே?" என்று ஒரு சிறுமி வினவினாள். "பையன் யாமே" என்றோம்.

பயிற்றுநர் எம்மினும் இருபது ஆண்டு இளையவர், கன்னடர். முதல் வாரம் கம்பியைப் பற்றி நின்று, முகத்தை நீரில் ஆழ்த்தி எடுக்குமாறு கூறினார். முகம் நீரில் பட்டதும் அவர், "சார், உசிரு பிடி! உசிரு பிடி!" என்று கூவுவார். யாமும் நெஞ்சு வெடிக்குமளவும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அவர் மேலும் உரக்கக் கூவுவார். யாம் மேலும் இறுகப் பிடிப்போம். ஈற்றில் திணறி, நீர் குடித்து, இருமிக்கொண்டு எழுவோம். இவ்வாறே நான்கு நாட்கள் சென்றன.

ஐந்தாம் நாளன்றுதான் உண்மை விளங்கிற்று. இவ்வூரில் இத்துணை ஆண்டு வாழ்ந்த யாம் கன்னடம் அறியாதவர் அல்லோம். ஆயினும் அச்சத்தில் தாய்மொழியே செவியில் நின்றுவிட்டது. நாம் 'பிடி' என்பதை அவர்கள் 'ஹிடி' என்பார்கள். நம் 'பால்' அங்கே 'ஹாலு' ஆவது போல. நாம் 'விடு' என்பது அவர்கள் நாவில் 'பிடு' ஆகும்; 'விடுங்கள்' என்பது 'பிடி' ஆகும். அவர் நான்கு நாட்களாக "மூச்சை விடுங்கள்" என்று மன்றாடியிருக்கின்றார், யாம் பிடித்துக்கொண்டிருந்தோம்! உண்மையை உரைத்தபோது அவரும் சிரித்தார், குளமே சிரித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீர் எமக்குக் காட்டியிராத நகை அன்றுதான் பிறந்தது.

நண்பர்களே! நீச்சலின் உயிர்நிலை இதுவேயென இன்று உணர்கின்றோம். மூச்சை அடக்கினால் உடலில் கரியமிலவாயு மிகும். அதுவே திணறலாய் எழும். நீருக்குள் இருக்கும்போது மூக்காலும் வாயாலும் காற்றைச் சிறிது சிறிதாய் விட்டுவிட்டால், முகம் மேலே வரும் நொடிப்பொழுதில் புதுக்காற்று தானே உட்புகும். விடாதவனோ, அந்நொடியில் விடவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். இரண்டும் கூடாமல் தவிப்பான்.

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அண்மையது. நுரையீரலில் காற்று நிறைந்திருக்குமாயின் பெரும்பாலோர் மல்லாந்து கிடந்தே மிதக்க இயலும். அஞ்சியவனோ தலையைத் தூக்குகின்றான். தலை மேலெழக் கால் கீழே செல்லும். காலோடு உடலும் செல்லும். ஆகவே அவனை அமிழ்த்துவது நீர் மட்டுமன்று. நீரினின்று விலக அவன் செய்யும் முயற்சியும் ஆகும். இதனைக் கேட்டறிய ஒரு நிமிடம் போதும். உடல் நம்புவதற்கு எமக்கு மூன்று மாதங்கள் ஆயின. பலகையைப் பற்றிக் கால் உதைக்க ஒரு மாதம். பலகையை விடுவதற்கு மற்றொரு மாதம். குளத்தின் குறுக்களவைக் கடக்க மூன்றாம் மாதம். கடந்து சுவரைத் தொட்ட அன்று எம் கண்ணில் வழிந்தது குளத்து நீர் மட்டுமன்று.

அச்சம் கொண்டவர் நீந்த இயலாதென்று எண்ணுவோர்க்கு நம் பெங்களூரில் பிறந்த நிஷா மில்லட்டை எடுத்துக்காட்டுவோம். ஐந்து வயதில் நீரில் மூழ்கிப் பிழைத்தவர் அவர். அவ்வச்சம் நீங்க வேண்டுமென்று தந்தையாரே முனைந்து நீச்சல் பழக்கினார். அது நிகழ்ந்த ஊர் சென்னை. அச்சிறுமியே 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் போட்டியில் இந்தியாவின் சார்பில் நீந்தினார். அருச்சுனா விருதும் பெற்றார். வயது கடந்துவிட்டதென்று எண்ணுவோர்க்குத் தெலுங்கு நாட்டுச் சியாமளா அம்மையார் சான்றாவார். நாற்பதுக்குப் பின்னரே நீச்சல் பயின்ற அவர், 2021-ஆம் ஆண்டு மார்ச்சில், தம் 47-ஆம் அகவையில், இலங்கைக் கரையினின்று தனுஷ்கோடிக் கரை வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பாக்கு நீரிணையை 14 மணி நேரத்திற்குள் நீந்திக் கடந்தார். யாம் கடந்தது ஒரு குளத்தின் குறுக்களவே. ஆயினும் அவ்வம்மையாரைப் போன்றோர்க்கும் முதல் அடி ஓர் அடிதானே!

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதுபுலவர், மருதமரக் கிளையினின்று மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்த தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். அவர் இளமையில் பெற்று முதுமையில் இழந்தார். யாம் இளமையில் இழந்ததை நடுவயதில் பெற்றோம். இழப்புக்கு இரங்க அவர்க்கு உரிமை உண்டு. எமக்கு இனி இல்லை.

இறுதியாக, ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்போர் 30,000-க்கு மேற்பட்டவர். ஐக்கிய நாடுகள் பேரவை 2021-ஆம் ஆண்டு முதல் சூலை 25-ஆம் நாளை மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்துள்ளது. ஆறும் கடலும் நமக்குத் தொலைவு என்று சோம்பியிருத்தல் கூடாது. நம் காலனி வீடுகளின் வாயிலிலுள்ள சம்ப் தொட்டியும் ஒரு கிணறே. அதன் மூடியைப் பூட்டி வையுங்கள். கோடை விடுமுறையில் சங்கத்தின் சார்பில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் முறையாக நீச்சற் பயிற்சிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். மகளிர்க்குத் தனி நேரம் வேண்டும். எம் துணைவியார் இன்றும் கரையில்தான் நிற்கின்றார். அதற்குக் காரணம் அச்சமன்று, வாய்ப்பின்மையே. பிள்ளைகளை ஒருபோதும் தள்ளிவிட்டுப் பழக்காதீர்கள். நீந்தக் கற்றவரும் வெள்ளத்தோடு விளையாடாதீர்கள். நீர் விளையாட்டில் வல்லவனான ஆட்டனத்தியையே காவிரி கவர்ந்து சென்றதென்று நம் பழங்கதை கூறுகின்றது.

அச்சம் முற்றும் ஒழிந்ததோ என்று வினவுவீர்கள். இல்லை. ஆழமான பகுதியை நெருங்கும்போது அடிவயிறு இன்றும் சற்றே இறுகத்தான் செய்கின்றது. ஆனால் கால்கள் மரமாவதில்லை. மூச்சை விடுகின்றோம், கை தானே நீள்கின்றது. எம் மகளும் எம்மோடு கற்றாள்; இப்போது எம்மை முந்திச் சென்று மறுகரையில் நின்று, "அப்பா, வாருங்கள்!" என்று கூப்பிடுகின்றாள். அன்று அவள் கேட்ட கேள்விக்குச் சொல்லால் விடையளிக்க இன்றும் எம்மால் இயலவில்லை. அவள் கூப்பிடும்போது செல்கின்றோம்.