நிலக்கரியில் தொடங்கிய உறவு



ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் அருகே வளர்ந்த நமக்கு, எஃகின்றிப் போரில்லை என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் மும்முறை மோதி அழிந்த நாடுகள் பிரான்சும் ஜெர்மனியும். 1950 மே 9 அன்று பிரெஞ்சு அமைச்சர் ராபர்ட் ஷூமன் வெறும் நல்லுரை கூறினாரில்லை. இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது ஆணையத்தின்கீழ் வைப்போம் என்றார். ஒருவரறியாமல் மற்றவர் படைக்கலம் வார்க்க இயலாதன்றோ! 1951இல் ஆறு நாடுகள் ஒப்பமிட்டன. பொதுப்படைத் திட்டத்தையோ 1954இல் பிரெஞ்சு நாடாளுமன்றமே தள்ளிற்று. எனினும் 1957இல் ரோமில் பொதுச் சந்தைக்கு உடன்பட்டனர். பொது நாணயம் மக்கள் கைக்கு வர 2002 ஆயிற்று.

நாமோ உட்பிரிவு பேசித் தெருவுக்கொரு சங்கம் வைத்துள்ளோம். பிள்ளைகளின் புத்தக நிதியையேனும் ஒரே கணக்கில் வைக்க இதுவரை துணிந்தோமில்லை.