கல்லூரியைப் பார்க்கச் செல்லும் நாள்

இலங்கையில் கல்லூரி என்னும் சொல் பட்டப் படிப்புக்குரிய நிலையத்தை மட்டும் குறிப்பதன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பதின்மூன்றாம் வகுப்பு மாணவியும் ஒரே வாயிலால் நுழையும் பாடசாலைக்கும் அதுவே பெயர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியானதும் இவ்வாயில்களின் முன்னே பெற்றார் திரள்வதை நேயர்கள் ஆண்டுதோறும் கண்டிருப்பர். உயர்தர வகுப்பில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதே அவர்தம் கவலை.

அக்கவலைக்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் 1 ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ 1,000 மட்டுமே. 1 சி வகையைச் சேர்ந்தவற்றில் கலையும் வர்த்தகமுமே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. ஆகவே, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் தோட்டப் பகுதியொன்றிலே கணிதத்தில் வல்ல ஒரு பெண்பிள்ளை, அக்கணிதத்தைத் தொடர வேண்டுமாயின், பல வேளைகளில் வீட்டைவிட்டே புறப்பட வேண்டியவளாகிறாள். விடுதியோ உறவினர் வீடோ அவளுக்குப் புகலிடமாகிறது. பெற்றார் கொழுந்து கொய்பவராயின், ஒரு கல்லூரியைப் பார்த்து வருவதற்கே இருவரது ஒருநாட் சம்பளமும் போய்விடும். பஸ் கட்டணம் வேறு. அவர்களுக்கு வாய்ப்பது ஒரு நாள். அந்த ஒரு நாளை எவ்வாறு பயன்கொள்வது?

பலர் இல்ல மெய்வன்மைப் போட்டி நாளையோ பரிசளிப்பு விழாவையோ தெரிந்துகொள்கின்றனர். வாத்தியமும் வரவேற்பும் கொடிகளும் கண்ணைக் கவர்கின்றன. ஆனால், கலியாண வீட்டுப் பந்தியில் இருந்து உண்டவர் அக்குடும்பத்தின் அன்றாடச் சமையலை அறிந்தவராவாரா? செல்ல வேண்டியது, தவணையின் நடுவிலே வரும் சாதாரணமான ஒரு செவ்வாயோ புதனோ ஆகும். அதிபருக்கு முன்கூட்டியே அறிவித்து, அவரது அனுமதியுடன், இரண்டாம் பாடவேளைக்குள் அங்கு சேர்ந்துவிட வேண்டும். அவ்வேளையில் பதின்மூன்றாம் வகுப்பின் வாங்குகள் வெறுமையாய்க் கிடக்குமாயின், மாணவர் எங்கே என்று கேட்கலாம். தனியார் வகுப்புக்குச் சென்றுவிட்டனர் என்பதே விடையாயின், அக்கல்லூரி பெயரை மட்டும் தருகிறது, படிப்பைப் பிறர் விற்கின்றனர் என்பது விளங்கிவிடும்.

வாயிலில் முதலிற் காணப்படுவது பெறுபேற்றுப் பதாகை. மூன்று ஏ சித்தி பெற்றோரின் படங்கள் அதில் வரிசையாக இருக்கும். பதாகை பொய் சொல்வதில்லை. ஆயினும் பாதியையே சொல்கிறது. எத்தனை பேர் தோற்றினர் என்பது அதில் இராது. நாற்பது பேர் தோற்றி ஐவர் சிறந்த சித்தி பெறுவதும், பன்னிருவர் தோற்றி மூவர் பெறுவதும் ஒன்றல்ல. அம்மாணவர் அங்கேயே ஆறாம் வகுப்பு முதல் வளர்ந்தவரா, அன்றிச் சாதாரண தரத்திற் சிறப்புற்றபின் வேறிடத்திலிருந்து வந்தவரா என்பதும் கேட்கத்தக்கதே. நல்ல நெல்லை வாங்கி நல்ல அரிசி குற்றுதல் பெரிய வித்தையன்று.

பழம்பெருமையும் இவ்வாறே. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலும், உடுவில் மகளிர் கல்லூரி 1824இலும் தோன்றியவை. இத்தகைய நிலையங்களின் வரலாறு போற்றுதற்குரியது. எனினும், இவ்வாண்டு இணைந்த கணிதம் கற்பிக்க ஆசிரியர் உளரா என்பதை எந்தக் கல்லூரியின் அத்திவாரக் கல்லும் சொல்லாது, நேரசூசி சொல்லும். இடமாற்றம் பெற்றுச் சென்ற ஆசிரியரின் இடம் நிரப்பப்பட்டதா, பௌதிகவியலுக்குரிய கட்டத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பணிவுடன் கேட்பதிற் குற்றமில்லை. கேள்வியை விரும்பாத அதிபர்களும் உளர். அதுவும் அறியத்தக்க செய்தியே.

ஆய்வுகூடத்தை வெளியே நின்று பார்த்தல் போதாது. பரிசோதனை அறிவை அளக்கும் வினாக்கள் எழுத்துத் தாளிலேயே வருவதால், குழாயைத் தொடாமலே விடையை மனனஞ் செய்துவிடலாம் என்னும் எண்ணம் சில இடங்களில் வேரூன்றியுள்ளது. தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கலாம். மாணவர் ஒருவரின் பரிசோதனைப் பதிவேட்டை வாங்கித் திகதிகளைப் பார்க்கலாம். நூல் நிலையத்திலும் அலுமாரிகளின் தொகையைவிட, இரவல் கொடுத்த பதிவே உண்மை பேசும்.

சுற்றிக்காட்டுவதற்கென நியமிக்கப்படும் மாணவத் தலைவி நன்றாகவே பேசுவாள். அவளுடன் நிறுத்திவிடாது, வகுப்பில் நடுத்தரமாக நிற்கும் ஒரு பிள்ளையுடனும் உரையாடுதல் வேண்டும். பாடம் விளங்காதபோது யாரிடம் கேட்கிறாய், சென்ற தவணைச் சோதனையிற் குறைந்த புள்ளி பெற்றபின் என்ன நடந்தது என்ற இரண்டு கேள்விகள் போதும். அவற்றைத் தகப்பனார் கேட்பதிலும் சேரவிருக்கும் பிள்ளையே கேட்பது நன்று. பெரியவர்கள் சற்று விலகி நிற்றல் தகும். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தைத் தாயார் நேரிற் பார்த்துவிட வேண்டும். கூச்சத்தால் இதனை விடுபவர் பலர்.

விடுதியாயின் இராச் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடலாகாது. உணவு எத்தகையது, நீர் எங்கிருந்து வருகிறது, காய்ச்சல் கண்டால் மேற்பார்வையாளர் எங்கே அழைத்துச் செல்வார், வீட்டுக்குப் பேச எந்நாளில் இடமுண்டு என்பனவெல்லாம் கட்டணத்தைப் போலவே முதன்மையானவை. பதினாறு வயதுப் பிள்ளை இரவில் அழுவது கணிதத்துக்காக அன்று.

தூரத்துக் கல்லூரியின் மாடியைக் கண்டு மனம் நிறைந்து திரும்பும் பெற்றார் பலர், தம் ஊரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள மகா வித்தியாலயத்தின் ஆய்வுகூடத்துள் ஒருமுறையேனும் எட்டிப் பார்த்தவரல்லர். அறிந்த இடந்தானே என்ற அலட்சியமே காரணம். அங்கே உயர்தரக் கணித வகுப்பில் ஒன்பது பேரே இருக்கலாம்; அவ்வொன்பது பேரின் பெயரையும் பிழையையும் அறிந்த ஆசிரியர் ஒருவரும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பஸ் கட்டணம் குறைவாகையால், முதலில் அங்கே சென்று, அதே நேரசூசியையும் அதே பதிவேட்டையும் கேட்டு, அதன்பின் நெடும்பயணத்துக்குரிய சம்பளத்தை விடுவதா என்று தீர்மானிக்கலாம்.