நடுநிலைப் பாடசாலையும் கிராமத்தாரின் கடமையும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஒரு சங்கத்தின் யோக்கியதையைத் தவணை கடந்த பாக்கியைக் கொண்டு மாத்திரம் தீர்மானிப்பது சரியன்று. கடன் வாங்கியவர்கள் யார், அவர்களுக்கு நிலம் எவ்வளவு, அவ்வருஷம் மழை எப்படி என்பவற்றையும் விசாரித்த பிறகே அச்சங்கம் நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூடும். இது அங்கத்தினர் யாவரும் அறிந்த விஷயம். ஆயினும் ஊர்ப் பாடசாலையைப் பற்றிப் பேசும்போது மாத்திரம் இந்த நிதானம் மறந்துபோகிறது. "மார்க்கு குறைந்துவிட்டது, உபாத்தியாயர்கள் சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

6 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் நடுநிலைப் படிப்பு எனப்படும். முற்காலத்தில் ஹையர் எலிமெண்டரி பாடசாலை என்று வழங்கிய ஸ்தாபனம் இதுவே. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவும், 1982-ல் எம். ஜி. ஆர். காலத்தில் சத்துணவும் ஏற்பட்டன. 2010 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தினால் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமையாயிற்று. முன்னே பாடசாலை வாசலை மிதியாத குடும்பங்களின் குழந்தைகளும் இவற்றால் வகுப்பில் வந்து அமர்ந்தார்கள்.

அதே காலத்தில், வசதியுள்ள குடும்பத்தார் பலர் தங்கள் பிள்ளைகளை வண்டி ஏற்றித் தனியார் ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பத் தலைப்பட்டார்கள். இதன் விளைவை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலும் பாடம் சொல்லித்தர ஆளுள்ள 10 பேருடைய சராசரி 70 மார்க்கு. மற்ற 30 பேருடைய சராசரி 40 மார்க்கு. வகுப்பின் சராசரி 47½ ஆகும். மறு வருஷம் அந்த 10 பேரும் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சிய 30 பேரை உபாத்தியாயர் பாடுபட்டு 40-லிருந்து 44-க்கு உயர்த்துகிறார். இருந்த ஒவ்வொரு பிள்ளையும் முன்னேறியிருக்க, வகுப்பின் சராசரியோ 47½-லிருந்து 44-க்கு இறங்கிவிட்டதாகக் காகிதம் சொல்லும்! ஆகையால், பிள்ளை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடம் வந்து சேர்ந்தான் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

1966-ல் அமெரிக்க தேசத்தில் ஜேம்ஸ் கோல்மன் என்னும் பண்டிதர் தலைமையில் ஏறக்குறைய 4,000 பாடசாலைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் தேர்ச்சியில் காணும் வித்தியாசங்களுக்குக் கட்டடத்தையும் தளவாடத்தையும் விடக் குடும்ப நிலைமையே பெருங் காரணமென்று அது கூறிற்று. இதனால் உபாத்தியாயர் வீண் என்பது பொருளன்று. உபாத்தியாயர் ஒருவரே சுமக்கக்கூடிய பாரமன்று என்பதே பொருள்.

வீட்டார் செய்யக்கூடியவற்றுள் முதலாவது, பிள்ளையைத் தவறாமல் அனுப்புவது. சட்டப்படி இவ்வகுப்புகளுக்கு வருஷத்தில் 220 வேலை நாட்கள். ஆடு மேய்க்கவும், களையெடுப்புக் காலத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வாரத்துக்கு ஒரு நாள் நிறுத்தினால், வருஷத்துக்கு 44 நாட்களும் மூன்று வருஷத்தில் 132 நாட்களும் நஷ்டமாகும். பாதி வருஷத்துக்கு மேற்பட்ட படிப்பு இவ்வாறு ஒருவருக்கும் தெரியாமல் கரைந்துபோகிறது.

இரண்டாவது ஆகாரம். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கென ஏற்பட்டது. அண்ணன் 6-ஆம் வகுப்பு, தங்கை 4-ஆம் வகுப்பு என்றால், தங்கைக்குப் பள்ளியில் கிடைப்பது அண்ணனுக்கு வீட்டிலேயே கிடைத்தாக வேண்டும். வெறும் வயிற்றுடன் கணக்குப் பாடம் ஏறாது.

மூன்றாவது, 8-ஆம் வகுப்போடு நிறுத்தாதிருப்பது. அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளில் 8-ஆம் வகுப்புப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்காரின் திட்டப்படி ஒரு திறனறித் தேர்வு நடைபெற்றுவருகிறது. பெற்றோரின் வருஷ வருமானம் மூன்றரை லக்ஷம் ரூபாய்க்கு மேற்படலாகாது. தேர்ந்தவர்களுக்கு 9 முதல் 12 வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் வீதம் மொத்தம் 48,000 ரூபாய் உபகாரச் சம்பளம் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேற்படிப்புக்குச் சென்றால், 2022-ல் ஏற்பட்ட புதுமைப்பெண் திட்டப்படி மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்யாணச் செலவுக்குக் கடன் மனு எழுதும் தகப்பனார், அதற்கு முன் இந்தக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நலம்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களும், பாதிப் பேர் பெண்களும் இருத்தல் வேண்டுமென்பது சட்டம். அக்கூட்டங்களுக்குத் தவறாமல் செல்லவேண்டும்.

2. நடுநிலை வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயராவது உண்டா, கணக்கு-விஞ்ஞானம், சமூக பாடம், மொழிப் பாடம் ஆகியவற்றுக்குத் தனித்தனி உபாத்தியாயர் உண்டா என்று கேட்டறிய வேண்டும்.

3. உபவிதி இடங்கொடுக்குமாயின், சங்க லாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையில் மாலைப் படிப்புக்கு விளக்கும் புஸ்தகமும் வாங்கித் தரலாம்.

4. வசூல் காலத்தில் பிள்ளைகளை வேலைக்கு நிறுத்தாமல், அங்கத்தினர்கள் ஒருவர் வயலுக்கு ஒருவர் கைமாற்று வேலை செய்துகொள்ளலாம்.

10,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 7 வட்டி வீதம் 9 மாதத்துக்கு வட்டி 525 ரூபாய் என்று கண்டுபிடிக்க 7-ஆம் வகுப்புக் கணக்கே போதும். தகப்பனார் கைநாட்டு வைத்த பாஸ் புஸ்தகத்தை மகள் படித்துச் சரிபார்க்கும் வீட்டில் ஒருவரும் ஏமாற்ற இயலாது. அப்படிப்பட்ட வீடுகள் பெருகும் கிராமத்தில் சங்கமும் தானே செழிக்கும்.